பள்ளி வாசலில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

நடந்தும் சைக்கிளிலும் வரும் பிள்ளைகளுக்காகப் பள்ளித் தெருவைப் பாதுகாப்பாக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வாசலை ஒட்டி நிற்கும் வண்டிகளிலிருந்து என்பேன்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, சாலையைக் கடக்குமுன் "வண்டி வருதா பாரு" என்றேன். "தெரியலப்பா" என்றாள். குத்துக்காலிட்டு அவள் உயரத்திலிருந்து பார்த்தேன். நிறுத்தியிருந்த காரின் பானெட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சாலை தெரிய வேண்டுமானால் அவள் இரண்டடி இறங்கித் தலையை நீட்ட வேண்டும். அதுவரை ஓட்டி வருபவர் கண்ணுக்கும் அவள் படமாட்டாள். இருபக்கமும் பார்த்துக் கட என்று எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன்! பார்க்கவே இடமில்லாத பிள்ளை என்ன செய்யும்? அந்தக் காரில் வந்ததும் இன்னொரு குழந்தையின் அப்பாவோ அம்மாவோதான்.

அடுத்தது வேகம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் அந்த ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். 30 என்றால் 8 மீட்டர். மோதினால் இறங்கும் ஆற்றலும் 50-இல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 'மெதுவாகச் செல்லவும்' பலகையை நான் நம்புவதில்லை. நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவை, கடக்கும் இடத்தில் குறுக்கிய சாலை, வளைத்துத் திரும்ப வேண்டிய முனை, இவையெல்லாம் ஓட்டுநரைக் கேட்காமலே வேகத்தைக் குறைக்கும். சைக்கிளுக்கும் வெறும் பெயிண்ட் கோடு போதாது. பிள்ளைகள் பின்னால் திரும்பிப் பார்த்தாலே ஹேண்டில்பார் அந்தப் பக்கம் இழுக்கும். வண்டிகளுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு தடுப்புக்கட்டை வேண்டும்.

பள்ளி தொடங்கும், விடும் நேரத்தில் மட்டும் வாசல் தெருவுக்குள் வண்டிகளை விடாமல் தடுக்கும் முறை இத்தாலியின் போல்சானோ நகரில் 1989-லேயே வந்துவிட்டது. பாரிஸில் 2020 முதல் பல பள்ளித் தெருக்களை நிரந்தரமாகவே மூடி மரம் நட்டிருக்கிறார்கள்.

நான் செய்தது சின்ன வேலை. செல்போனை மகளின் கண் உயரத்தில் பிடித்து நாலு படம் எடுத்து, பெற்றோர் கூட்டத்தில் காட்டினேன். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் கடக்கும் இடத்தின் இருபுறமும் வண்டி நிற்க முடியாதபடி குட்டைத் தூண்கள் நட்டார்கள். இப்போது நடைபாதை விளிம்பில் நின்றபடியே பார்த்துவிட்டு அவள்தான் என்னைக் கூப்பிடுகிறாள்: "ஒண்ணும் வரலப்பா, வாங்க."