நாளிதழ் அறிவிப்பைக் குழுவில் போட்டது எதற்காக?

கேள்வி: வீட்டுக் கடனைக் கட்டாததால் என் தம்பியின் வீட்டை வங்கி சென்ற வாரம் சுவாதீனம் எடுத்துவிட்டது. நாளிதழில் வந்த அறிவிப்பை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. வரவுக்கு மீறிச் செலவு செய்ததை அவன் உணர நான் என்ன செய்யவேண்டும்?

பதில்: போகிற போக்கில் நீங்கள் சொல்லிச் சென்ற அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. கடன்தாரராகத் தம்பியின் பெயர், பெரும்பாலும் இணைக் கடன்தாரராக அவர் மனைவியின் பெயர், பாக்கித் தொகை, வீட்டின் நான்கு எல்லைகள் என எல்லாம் அச்சான ஒரு தாளைப் படமெடுத்து, அவர்களின் பிள்ளைகளும் பார்க்கக்கூடிய இடத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் வெளியிடச் சட்டம் சொல்வது, விவரம் தெரியாமல் எவரும் அந்தச் சொத்தை வாங்கி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் சித்தப்பாவும் அத்தையும் அந்த வீட்டை விலைபேசிக் கொண்டிருந்தார்களா?

இப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அடுத்தவரின் செலவைத்தான் விவரிக்கிறார்கள். முதல் தவணை எந்த மாதம் நின்றது, அந்த மாதம் வேலை போனதா, உடம்புக்கு முடியாமல் போனதா என்று ஒருவரும் எழுதுவதில்லை. நீங்களும் எழுதவில்லை. சுவாதீனத்துக்கு முன்பே 60 நாள் கெடு வைத்து வங்கி அவருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கும். அந்த இரண்டு மாதமும் கூடப்பிறந்த அண்ணனிடம் அவர் வாய் திறக்கவில்லை என்றால், சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தம்பி தடுமாறும்போது அதை நாலு பேர் அறியாமல் காப்பது மூத்தவரின் பொறுப்பு. அவரைத் திருத்தும் வேலையை யாரும் உங்களிடம் ஒப்படைக்கவில்லை.

போட்டது தவறு என்று அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள். பிறகு நேரில் போங்கள். சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் அவர் முறையிடலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு நிலுவையையும் செலவுகளோடு கட்டிவிட்டால் வீட்டை வங்கி விற்க முடியாது. நாட்கள் ஓடிக்கொண்டிருப்பதால், அவர் கோபம் தணியட்டும் என்று காத்திராமல், வழக்கறிஞரிடம் அவரை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். எல்லாம் செய்தும் வீடு ஏலத்துக்குப் போய்விட்டால், வங்கியின் பாக்கியும் செலவும் போக மிஞ்சுகிற பணம் அவருக்கே உரியது. அதைக் கேட்டுப் பெறும் வரை கூடவே இருங்கள்.