அப்பாவுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு: காலரா எதிர்ப்பு உருவாகவில்லையா?

உருவாகியிருக்கும். இரண்டு மாதம் முன்பு காலரா வந்தபோது காய்ச்சலே இல்லை என்கிறீர்கள். அதை வைத்து உடம்பு எதிர்க்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

காலராக் கிருமி குடல் சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. சிறுகுடலின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு நச்சை விடுகிறது. அந்த நச்சுதான் உப்பையும் தண்ணீரையும் கொட்ட வைக்கிறது (1959இல் இந்த நச்சைக் கண்டு சொன்னவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே). திசு பெரிதாகச் சிதையாததால் காய்ச்சல் அபூர்வம். ஆனால் குடலுக்குள்ளேயே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் சுரந்து, கிருமியின் மேலுறையைப் பிடித்து ஒட்டவிடாமல் தடுக்கும். கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்களான நினைவு பி செல்களும் தங்கிவிடும். இந்தப் பாதுகாப்பு பொதுவாக 3 ஆண்டுக்காவது நிற்கும்.

அதனால் இப்போதைய வயிற்றுப்போக்குக்கு வேறு கிருமி காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஈ.கோலைக்கோ ரோட்டா வைரஸுக்கோ இந்த எதிர்ப்பு உதவாது. செல்லூர் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கலங்கி வருவதாகச் சொன்னீர்களே, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பெரியாஸ்பத்திரியில் மலத்தைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்யக் கேளுங்கள், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே. பழைய ரிப்போர்ட்டில் காலராக் கிருமியின் வகை ஓ1 என்று இருக்கிறதா பாருங்கள்; ஓ1 வந்தவருக்கு ஓ139 வகையிடமிருந்து பாதுகாப்பு கிடைக்காது.

ஒன்று மட்டும்: அரிசி கழுவிய நீர் மாதிரி போனால், சிறுநீர் குறைந்தால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே உடனே கிளம்புங்கள்.