தனி ஆவர்த்தனத்தில் ஒத்திகையே இல்லாமல் மூன்று பேர் எப்படி ஒரே இடத்தில் வந்து முடிக்கிறார்கள்?

தனி ஆவர்த்தனம் என்பது கச்சேரியில் பாட்டு நின்று தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. அதற்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லைங்க. கோவை, ஈரோடு பக்கம் கல்யாண வரவேற்புக் கச்சேரியில் மிருதங்கக்காரரும் கடக்காரரும் கஞ்சிராக்காரரும் மேடையில்தான் முதல் தடவை சந்திப்பார்கள். என்ன தாளம், எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) எங்கே என்பதற்கு மேல் பேச்சு இருக்காது.

மூவரையும் சேர்த்துக் கட்டுவது பாடகர் தொடையில் போடும் தாளம். ஒரு களை ஆதி தாளம் (சுற்றுக்கு 8 தட்டு), சதுஸ்ர நடை (தட்டுக்கு 4 மாத்திரை, அதாவது 4 சம பங்கு) என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. 'ததிகிணதொம்' என்ற தாளச் சொல் 5 மாத்திரை. அதை மும்முறை சொல்லி, நடுவில் இரண்டு இடத்தில் 2 மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 19. மீதி 13. ஆக, பாடகர் நடுவிரலை (நான்காம் எண்ணிக்கை) எண்ணியதும் ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால் சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், விழும். பாட்டு அரை இடத்தில் (சமத்திலிருந்து அரைத் தட்டு தள்ளி) எடுப்பாக இருந்தால் இன்னும் 2 மாத்திரை தள்ள வேண்டும். இந்தக் கணக்கு மூன்று பேருக்கும் மனப்பாடம் என்பதால், ஒருவர் எடுத்த இடத்தைக் கேட்டே அடுத்தவர் முடிவு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்.

ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்து அளவைச் சுருக்கிக்கொண்டே வரும் குறைப்பில்தான் வழுக்கும். ஆளுக்கு 2 ஆவர்த்தனம், பிறகு 1, அரை, கால் என்று சுருங்கும். இருவர் என்றால் தொல்லையில்லை. கஞ்சிராவும் சேர்ந்து மூவரானால் அரை ஆவர்த்தனச் சுற்று ஒன்றரையில் முடியும். அடுத்த சுற்று ஐந்தாம் தட்டில் தொடங்கும். அதை மறந்து சமம் வரட்டும் என்று காத்திருப்பவரால் மொத்தமும் சரிந்துவிடும். நடையும் அப்படித்தான்: முதலில் வாசிப்பவர் திஸ்ர நடைக்கு (தட்டுக்கு 3 மாத்திரை) போனால் ஆவர்த்தனத்துக்கு 24 மாத்திரை. பதில் சொல்பவர் சொற்களை மாற்றலாம், நடையை மாற்றக் கூடாது.

முடிவை அறிவிக்கும் சொற்கட்டான மோரா வந்துவிட்டால் முடிக்கப் போகிறார் என்று அர்த்தம். அதற்கு அப்புறம் கோர்வை, அதாவது கணக்கிட்டுக் கோர்த்த முடிவுச் சொற்கட்டு, மூன்று தடவை. தெரியாத கோர்வை என்றால் நல்ல பக்கவாத்தியக்காரர் முதல் தடவை கேட்பார், இரண்டாவதில் மெல்லத் தொட்டுக்கொண்டு வருவார், மூன்றாவதில் முழுக்கையோடு வாசிப்பார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்த இரண்டாவது தடவைதான்.

நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் இன்னொரு சங்கடம், எதிரொலி. பின்சுவர் 20 மீட்டரில் இருந்தால் சத்தம் போய்த் திரும்ப ஏறக்குறைய 0.12 வினாடி. நிமிடத்துக்கு 60 தட்டு ஓடும்போது ஒரு மாத்திரையே 0.25 வினாடிதான். காதை நம்பினால் பாதி மாத்திரை பின்தங்கும். அதனால் கடக்காரரைப் பாடகருக்கு நேர் பின்னால் உட்கார வைக்கக் கூடாது. கை தெரிகிற மாதிரி ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

அவிநாசித் தேர் மாதிரி வீதிக் கூட்டத்தில் இரட்டைத் தவில் வாசிக்கும்போது தாளம் காட்டும் இந்த வேலை முழுக்க ஜால்ராக்காரர் தலையில். ஒரு தவில் வாசிக்க, மற்றவர் தட்டை எண்ணிக்கொண்டு காத்திருப்பார்.