துண்டைத் திருப்பிப் பாருங்கள்!

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பீட்சாவைத் துண்டு துண்டாக விற்கும் கடை ஒன்று எங்கள் தெருமுனையில் புதிதாக வந்திருக்கிறது. முதல் தடவை எதை வாங்கினால் கடையின் தரம் தெரியும்?

பதில்: டாப்பிங் எதுவும் போடாத வெறும் சீஸ் துண்டு ஒன்று. மேலே காளானும் குடமிளகாயும் குவிந்திருந்தால் மாவின் குறை அதற்குள் மறைந்துவிடும். சீஸ் துண்டில் இருப்பது மாவு, தக்காளி சாஸ், மொசரெல்லா மட்டுமே. எது பிசகினாலும் வாய்க்குத் தெரிந்துவிடும்.

கடிப்பதற்கு முன் துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொன்னிறமும் அதில் ஆங்காங்கே கரும்பழுப்புப் புள்ளிகளும் இருந்தால் ஓவனின் கல்தளம் நன்றாகக் காய்ந்திருந்தது என்று அர்த்தம். அடி வெளிறிக் கிடந்தால் கல் காயும் முன்பே மாவை இறக்கியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் ஒன்று மாற்றி ஒன்றாக வைத்துக் கல்லின் சூட்டை இறக்கிவிட்டார்கள். அடி கருகி, மேலே சீஸ் வெள்ளையாகவே இருந்தால் கல்லுக்குச் சூடு அதிகம், மேல் அனல் போதவில்லை.

அடுத்து, விளிம்பைப் பிடித்து நீளவாக்கில் லேசாக மடியுங்கள். நுனி கொஞ்சம் சாயலாம். ஈரத்துணி போலத் தொங்கக்கூடாது. மடிப்பில் அடிப்பக்கம் மட்டும் ‘மொறுக்’கென்று மெல்லிய விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் மாவு பிய்யாமல் வளைந்தால் பிரமாதம். இரண்டாக உடைந்தால் மாவு உலர்ந்துவிட்டது.

ஒரு வாய் கடித்ததும் கடித்த இடத்தைக் கவனியுங்கள். சாஸுக்குக் கீழே பசை தடவியது போல வெள்ளைக் கோடு ஓடுகிறதா? அது வேகாத மாவு. குளிர்ப்பெட்டியில் இருந்த உருண்டையைக் குளிர் தணியும் முன்பே விரித்திருப்பார்கள், அல்லது சாஸ் நீர்த்து அதிகமாக விழுந்திருக்கும், அல்லது அவசரத்தில் முன்கூட்டியே எடுத்திருப்பார்கள். இந்தக் கோடு இருக்கிற துண்டுதான் வயிற்றில் கல் போல உட்காரும். விளிம்பிலோ சிறிதும் பெரிதுமாகக் காற்றறைகள் தெரிய வேண்டும்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டியில் ஆறிக்கிடந்த துண்டை எடுத்துச் சூடேற்றித் தருகிறார்கள். பழசைத் தலையில் கட்டுகிறார்களா?

பதில்: இல்லை, துண்டுக் கடையின் முறையே அதுதான். முழு பீட்சாவை 260 முதல் 290 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் 6 முதல் 8 நிமிடம் வைத்து, ஒரு பிடி குறைவாக வேகவிட்டு எடுப்பார்கள். நீங்கள் கேட்டபின் துண்டை 2, 3 நிமிடம் மறுபடி கல்லில் வைப்பார்கள். இந்த இரண்டாம் சூட்டில் அடியில் தங்கிய ஈரம் போய்விடுவதால், அப்போதுதான் வெந்த துண்டைவிட இதுவே நன்றாக மொறுமொறுக்கும். முதல் சூட்டைவிட இரண்டாம் சூட்டில்தான் கடையின் கைப்பக்குவம் தெரியும் என்பேன்.

பார்க்க வேண்டியது, துண்டு எவ்வளவு நேரமாகப் பெட்டியில் இருக்கிறது என்பதை. சீஸ் கண்ணாடி போல இறுகி மினுங்கினாலும், ஓரத்தில் சாஸ் கறுத்துக் காய்ந்திருந்தாலும் வேண்டாம். கூட்ட நேரத்தில் போனால் பெட்டி அடிக்கடி காலியாகும். பச்சைக் காளானைத் துண்டின் மேல் தூவிச் சூடேற்றும் கடையில் டாப்பிங் கேட்காதீர்கள். 2 நிமிடத்தில் அது வேகாது, தண்ணீர்தான் விடும்.

கேள்வி: மேலே ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் மிதக்கிறதே, மட்டமான சீஸா?

பதில்: கொஞ்சம் மிதப்பது இயல்பு. சூட்டில் சீஸின் கொழுப்பு பிரியும். தக்காளியின் நிறமி கொழுப்பில் கரைவதால் அந்த நிறம். குளமாகத் தேங்கி, சீஸ் ரப்பராக இழுத்தால் மட்டும் அதிகச் சூடு அல்லது பலமுறை சூடேற்றியது.

கேள்வி: முழு பீட்சாவுக்கு எத்தனை துண்டு சமம்?

பதில்: பரப்பளவை வைத்துக் கணக்கிடுங்கள். 18 இன்ச் வட்டத்தை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு சுமார் 32 சதுர இன்ச். அப்படி இரண்டு துண்டு ஒரு முழு 9 இன்ச் பீட்சா; மூன்றரை துண்டு ஏறக்குறைய ஒரு 12 இன்ச் பீட்சா. ஆனால் கடைக்குக் கடை வட்டம் மாறும், ஆகவே விட்டம் எவ்வளவு, எத்தனையாக வெட்டுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். சீஸ் துண்டு என்றால் தயங்காமல் வாங்கலாமா?

பதில்: இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். மேலே பார்மேசான் சீஸைத் துருவித் தூவுகிறார்களா? இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜியானோவில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்ப்பார்கள். மொசரெல்லா பல இடங்களில் நுண்ணுயிர் ரென்னெட்டில் தயாராகிறது. பொட்டலத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். மற்றது, வெட்டும் சக்கரம். இறைச்சி பீட்சாவை வெட்டிய அதே சக்கரமா, தனிச் சக்கரமா?

கேள்வி: முதல் வாரம் சுமாராக இருந்தது. விட்டுவிடலாமா?

பதில்: என்ன குறை என்பதைப் பொறுத்தது. அடி வெளிறுவது, ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருப்பது எல்லாம் திருந்தும். மாவை 24 முதல் 72 மணி நேரம் குளிரில் புளிக்க விடுவார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத புதுக் கடையில் மாவு மிஞ்சி அதிகம் புளித்துவிடும். அப்போது அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுவதால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் நிறம் ஏறாது. மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். சாஸ் ஜாம் போல இனித்தால் அது அவர்கள் செய்முறை, மாறும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்கு எடுத்து வந்தால் தொளதொளத்துவிடுகிறதே?

பதில்: மூடிய பெட்டிக்குள் ஆவி நீராகி மாவில் இறங்குகிறது. மூடியைக் கொஞ்சம் திறந்தே எடுத்து வாருங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். குளிர்ப்பெட்டியில் 3, 4 நாள் தாங்கும்.

சூடேற்ற மைக்ரோவேவ் வேண்டாம், தோலாகிவிடும். அடிகனமான தவாவை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் துண்டை 2 நிமிடம் வையுங்கள். தீயைக் குறைத்து, துண்டின் மேல் படாமல் தவாவின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, 1 நிமிடம் மூடுங்கள். ஆவியில் சீஸ் இளகும். அடி மொறுமொறுப்பாகவே இருக்கும். சீஸ் இளகியதும் மூடியை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் அந்த ஆவியே அடியை நனைத்துவிடும்.