வசதி எதுவும் செய்யப்படாத காட்டருவி ஒன்றுக்குச் சென்றிருக்கிறீர்களா? செல்ல விரும்புபவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

சென்றிருக்கிறேன். இரண்டு முறை புறப்பட்டு, ஒரு முறைதான் அருவியைப் பார்த்தேன். பார்க்காமல் திரும்பிய பயணமே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ என்று அழைக்கப்படும் காப்புக்காடு இருக்கிறது. பத்து லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட இந்த நிலப்பரப்பில் ஏரிகளும் பாறைகளும் ஊசியிலை மரங்களும் தவிர வேறொன்றும் கிடையாது. 1964ஆம் ஆண்டின் காட்டுநிலச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் கைப்பிடிச் சுவரோ படிக்கட்டோ ‘அருவிக்குச் செல்லும் வழி’ என்ற பலகையோ இருக்காது. இந்தக் காட்டின் கிழக்குப் பகுதியில், பைன் ஏரியின் மேற்கு முனையில் இருக்கிறது ஜான்சன் அருவி. சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள ஹோவ்லண்ட் என்ற சிற்றூரிலிருந்து ஆரோஹெட் டிரெயில் சாலையில் 18 மைல் சென்றால் மெக்ஃபார்லண்ட் ஏரி வரும். அங்கே சாலை முடிந்துவிடும். பிறகு கனூ எனப்படும் துடுப்புப் படகுதான். மெக்ஃபார்லண்டைக் கடந்து, சில அடி தூரம் படகைத் தூக்கிச் சென்று பைன் ஏரியில் இறக்கி, ஏறத்தாழ 7 மைல் நீளமுள்ள அந்த ஏரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்க வேண்டும்.

வரைபடத்தில் பார்த்தபோது எனக்கு இது எளிதாகத்தான் தோன்றியது. காற்றில்லாத நாளில் சாதாரணமாகத் துடுப்புப் போடுகிற இருவர் ஒரு மணி நேரத்தில் இரண்டரை மைல் போகலாம். ஆக மூன்று மணி நேரம் என்று நானும் நண்பரும் கணக்குப் போட்டுக்கொண்டோம். காலையில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு பத்தரை மணிக்கு ஏரியில் இறங்கியதுதான் நாங்கள் செய்த தவறு.

அந்த வட்டாரத்து ஏரிகள் பலவும் கிழக்கு மேற்காக, ஒல்லியாக, நீளமாகக் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 180 கோடி ஆண்டு பழமையான மென்மையான களிப்பாறை அடுக்குகளுக்கிடையே, 110 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு புகுந்து இறுகி, கடினமான கரும்பாறையாக மாறியது. பின்னர் வந்த பனிப்பாறைகள் மென்மையான பாறையைச் சுரண்டி எடுத்த பள்ளங்கள் ஏரிகளாயின. சுரண்ட முடியாத கரும்பாறை இருபுறமும் குன்றுகளாக நின்றுவிட்டது. பார்ப்பதற்கு மிக அழகான அமைப்புதான். ஆனால் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அந்த ஏரி ஒரு நீண்ட குழாய்போல் ஆகிவிடுகிறது. தடையின்றி 7 மைல் தூரம் நீரைத் தள்ளிக்கொண்டு வரும் காற்று, கிழக்கு முனையை அடையும்போது அலைகளைப் படகின் விளிம்புவரை உயர்த்திவிடும். நண்பகலில் நாங்கள் பாதி தூரத்தைக்கூட எட்டவில்லை. கரையிலிருந்த ஒரு பட்டுப்போன பிர்ச் மரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு கால் மணி நேரம் துடுப்புப் போட்ட பிறகும் அது எங்களுக்கு நேர் எதிரிலேயே நின்றது. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்றார் நண்பர். அதே எண்ணம் எனக்கும் இருந்ததால்தான் படகைத் திருப்பச் சொன்னேன். திருப்பும்போது அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிய அந்தச் சில நொடிகளில் முழங்கால்வரை நனைந்தோம்.

இரண்டாம் முறை, செப்டம்பர் தொடக்கத்தில், முந்தைய நாளே வந்து பைன் ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கி, விடியற்காலையில் ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். நீர் கண்ணாடிபோல் இருந்தது. துடுப்பிலிருந்து சொட்டும் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. மேற்கு முனையில் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, மரத்தில் கட்டிவிட்டு, ஓடையை ஒட்டி மேலே ஏறினோம். பாதை என்று சொல்வதைவிட, முன்பு சென்றவர்களின் காலடித்தடம் என்பதே சரி. அது அவ்வப்போது மறையும். விழுந்த மரம் ஒன்றைச் சுற்றிப் போனால் மறுபுறம் தடம் இருக்காது. ஓடையின் சத்தத்தை விட்டுவிடாமல் நடந்தால் வழி தவறாது.

முதலில் எங்களை நிறுத்தியது அருவியின் கீழிருந்த குட்டை. அங்கத்திய நீர் தெளிவாகவே இருந்தாலும் நிறம் பால் ஊற்றாத தேநீரைப்போல் இருக்கும். சதுப்புநிலங்களில் மட்கும் தாவரங்களின் சாறு கலப்பதால் வருவது அது. அதே சாறுதான் நீர் அடித்து விழும் இடத்தில் நுரையையும் உண்டாக்குகிறது. ஏதோ கழிவு என்று முதலில் முகம் சுளித்தேன். குட்டையின் ஒரு மூலையில் அந்த நுரை அப்பளம்போல் வட்டமாகத் திரண்டு, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேல் மஞ்சளாகப் பழுத்த ஒற்றை பிர்ச் இலை. இலை ஒரு சுற்று வர அரை நிமிடம் ஆயிற்று. எத்தனை சுற்றுகள் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எண்ணவில்லை. அருவி பெரியது அல்ல. குற்றாலத்தையோ ஒகேனக்கல்லையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர் ஏமாந்துபோவார். கோடையின் பிற்பகுதியில் நீர் இன்னும் குறையும்; பனி உருகி ஓடைகள் நிறைந்தோடும் மே, ஜூன் மாதங்களில்தான் முழு வேகம் தெரியும், ஆனால் அப்போது கடிக்கும் கறுப்பு ஈக்களும் கொசுக்களும் நிற்க விடாது. என்னைக் கேட்டால் செப்டம்பரையே சொல்வேன்.

ஈரப்பாறையில் வழுக்கி விழுவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். நான் சற்று மாற்றிச் சொல்வேன். அங்கே கைப்பேசி வேலை செய்யாது, திரும்ப ஒரே வழி அந்த ஏரிதான். கணுக்கால் பிசகினால்கூட உட்கார்ந்தபடி துடுப்புப் போட்டுவிடலாம். மணிக்கட்டு முறிந்தால் முடியாது. ஆகவே விழும்போது கையை ஊன்றும் பழக்கம் உள்ளவர்கள் பாசி படிந்த பாறைமேல் ஏறவே வேண்டாம். அருவியின் இரைச்சலில் பத்தடி தள்ளி நிற்பவர் கூப்பிடுவதுகூடக் கேட்காது என்பதால் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்திலேயே இருங்கள். கோடையிலும் ஏரி நீர் உடலை விறைக்கச் செய்யும் அளவுக்குக் குளிராக இருக்கக்கூடும். உயிர்காப்பு உடுப்பைப் படகில் வைத்திருப்பது போதாது, அணிந்திருக்க வேண்டும். தேநீர் நிறம் கெடுதல் இல்லை என்றாலும் ஜியார்டியா என்ற குடல்கிருமி இருக்கக்கூடும், ஆகவே கொதிக்கவைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்காதீர்கள்.

நுழைவு விதிகள் எளியவை. ஒரு குழுவில் 9 பேருக்கும் 4 படகுகளுக்கும் மேல் கூடாது. பகலில் சென்று பகலிலேயே திரும்புவதற்கான சீட்டை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம், கட்டணமில்லை. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்குவதற்கு முன்பதிவு வேண்டும். ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை குழுக்கள் என்று வரம்பு இருப்பதால் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போகலாம். உணவைத் தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ கொண்டுபோகக் கூடாது. எங்கள் ஊறுகாய் முந்தைய இரவே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியது. படகு தூக்கும் பாதைகள் தொடங்குமிடத்தில் பெயர்ப்பலகை இருக்காது என்பதால் நீர் புகாத காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். எந்த ஏரி, எப்போது திரும்புவோம் என்று எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பகல் சீட்டு இலவசம் என்பதற்காக ஒரே நாளில் போய்வர முயல வேண்டாம் என்பதுதான் என் பதில். இரவு தங்கும் அனுமதி வாங்கி, ஏரிக்கரையில் ஒதுக்கப்பட்ட முகாமிடம் ஒன்றில் தூங்கி, காற்று எழுவதற்கு முன் மேற்கு நோக்கிப் புறப்படுங்கள். நண்பகலில் அந்தக் காற்று எழத்தான் செய்யும். அப்போது நீங்கள் கிழக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தால், எங்களுக்கு நேர்ந்ததுபோல், அது படகைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.