‘க்ளிக்’னு கேட்டா கையை எடுத்துடுங்க

அண்ணே, மொத தடவையா வீட்லயே ஆயில் மாத்துனேன். இன்ஜினுக்கு அடில பழைய ஆயில வடிக்கிற ட்ரெயின் போல்ட் கழண்டு விழுந்துடுமோன்னு பயந்து ஸ்பேனர்ல கால வச்சு ஒரு மிதி மிதிச்சேன், டைட்டா போயிட்டிருந்தது திடீர்னு லூசாகி சும்மா சுத்துது, ஆயிலும் சொட்டுது. இன்ஜின் போச்சா? – வாசகர், ஈரோடு

இன்ஜின் போகல தம்பி, மரைதான் போச்சு. போல்ட் இரும்பு, அது போய் உக்கார்ற இன்ஜின் கேஸ் அலுமினியம், ரெண்டும் மல்லுக்கட்டுனா எப்பவும் அலுமினியம்தான் தோக்கும். கணக்கு பாருங்க, 12 எம்எம் ட்ரெயின் போல்ட்டுக்கு நிறைய சின்ன வண்டில சுமார் 25 நியூட்டன் மீட்டர் டார்க்தான் (டார்க்னா திருகுற விசை, அத அளக்குறதுதான் நியூட்டன் மீட்டர்) சொல்லிருப்பாங்க (உங்க வண்டி மேனுவல்ல இருக்க நம்பர்தான் உங்களுக்கு), அதுக்கு 20 சென்டிமீட்டர் ஸ்பேனரோட நுனில ஒரு 12, 13 கிலோ அழுத்தம் குடுத்தா போதும். நீங்க கால்ல மிதிச்சப்ப 50 கிலோ எறங்கிருந்தாகூட 100 நியூட்டன் மீட்டர், நாலு மடங்கு! இறுகிட்டே வர்ற போல்ட் கைக்கு லேசா ‘மெத்து’ன்னு ஆச்சுன்னா அந்த நொடியே நிறுத்திடணும், அதுக்கப்புறம் ஒரு சுத்து போனா நேரா லேத் பட்டறைதான்.

இப்போ என்ன பண்றதுன்னா, வண்டிய ஓட்டாம பட்டறைக்கு தள்ளிட்டு போயி ஹெலிகாயில் போட சொல்லுங்க. பழைய ஓட்டைய பெருசாக்கி புது மரை வெட்டி உள்ள ஒரு ஸ்டீல் சுருள் எறக்குவாங்க, பழைய சைஸ் போல்ட்டே போடலாம், அலுமினிய மரைய விட நல்லாவே பிடிக்கும். துளை போட்டப்ப விழுந்த உலோக பிசிறு உள்ள நிக்காம கொஞ்சம் ஆயில் ஊத்தி கழுவி விட்டுட்டு போல்ட்ட போடுங்க. டெஃப்லான் டேப் சுத்துறது, எம்சீல் அப்புறதுன்னு யாராவது ஐடியா குடுத்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. இன்னொண்ணு, ஆயில் கசியாம பாத்துக்கிறது வாஷர், உங்க கை பலம் இல்ல. அந்த வாஷர் நசுங்கித்தான் அடைக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் புதுசு போடுங்க, அது ஒண்ணும் பெரிய காசு இல்ல.

எங்க ஏரியா மெக்கானிக் டார்க் ரெஞ்ச (செட் பண்ண டார்க் வந்ததும் ‘க்ளிக்’னு சொல்ற ஸ்பேனர்) தொட்டு நான் பாத்ததே இல்ல, எல்லாம் கை கணக்குதான். அப்ப நான் மட்டும் எதுக்கு வாங்கணும்? – வாசகி, நாகர்கோவில்

அவர் கை ஆயிரக்கணக்கான போல்ட் பாத்த கைங்க, நம்ம கை மாசத்துக்கு ஒண்ணு பாக்குது. அதுவும் நாம ஆன்லைன்ல நீளமான ராட்செட் வாங்கி வச்சிருப்போம், சைடு கவர்ல இருக்குற 8, 10 ஸ்பேனர் போல்ட்டெல்லாம் பெரும்பாலும் 6 எம்எம் மரை, 10, 12 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், 30 சென்டிமீட்டர் கைப்பிடில மூணரை கிலோ அழுத்துனாலே அவ்ளோ வந்துடும். உங்களுக்கு அழுத்துன மாதிரியே இருக்காது, போல்ட் தலை கைல வந்துடும்.

வாங்குறப்ப கார் வீல் நட்டுக்கு விக்கிற பெருச வாங்காதீங்க, அதோட ஆரம்ப நம்பரே நமக்கு ஜாஸ்தி. கால் இஞ்ச் ட்ரைவ் (சாக்கெட் மாட்டுற சதுர முனையோட சைஸ்), 5 டு 25 நியூட்டன் மீட்டர் மாதிரி சின்னது மொதல்ல. சின்ன நம்பர்ல க்ளிக் ரொம்ப மெல்லிசா கேக்கும், பக்கத்துல பாட்டு ஓடுனா தவறிடும். க்ளிக் வந்ததும் விட்டுடணும், ‘எதுக்கும் இன்னொரு தடவை’ன்னு இழுக்குறது தான் நம்மாளுங்க வியாதி. அதால போல்ட் கழட்டாதீங்க, வேலை முடிஞ்சதும் அதுல இருக்குற ரொம்ப கொறைஞ்ச நம்பருக்கு எறக்கி வைங்க.

இன்ஜின் ஹெட் (மேல் பாகம்) நட்டு மாட்டுறப்ப மரைல ஆயில் தடவணுமா கூடாதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. – வாசகர், மதுரை

மேனுவல்ல ஆயில் போட சொன்னா போடுங்க, சொல்லலன்னா மரைய சுத்தமா தொடச்சு காய விட்டு போடுங்க. நாம குடுக்குற டார்க்ல 100ல 90 பங்கு வரைக்கும் உரசல்லயே போயிடும், மிச்சம் 10தான் போல்ட்ட இழுத்து பிடிக்குது, ஆயில் விட்டா உரசல் கொறைஞ்சு அதே நம்பர்ல போல்ட் ரொம்ப அதிகமா இழுபடும். அடி மூடுன ஓட்டைல ஆயில் தேங்கி நின்னா இன்னும் மோசம், போல்ட் எறங்க எறங்க ஆயில் போக வழியில்லாம கேஸே விரிசல் விட்டுடும். ஹெட்டு நல்லா ஆறுன பிறகு, குறுக்கு குறுக்கா, மொதல்ல பாதி டார்க் அப்புறம் முழுசுன்னு ரெண்டு மூணு சுத்துல முடிங்க. ஒரே மூலைல மொத்தமா இறுக்குனா ஹெட் ஒரு பக்கமா சாஞ்சு, அதுக்கு அடில கசியாம அடைக்கிற கேஸ்கெட் லீக் ஆகும்.

ஸ்பார்க் ப்ளக்குக்கும் டார்க் ரெஞ்ச் வேணுமா? – வாசகர், தஞ்சாவூர்

இருந்தா நல்லது. இல்லன்னா வாஷர் வச்ச புது ப்ளக்க கையாலயே கடைசி வரைக்கும் திருகி, அப்புறம் ஸ்பேனர்ல அரை சுத்து. பழைய ப்ளக்கே திரும்ப போட்டா வாஷர் ஏற்கனவே நசுங்கி இருக்கும், ஒரு சின்ன இழுப்பு போதும். ஆரம்பத்துல கைக்கு முரண்டு பிடிச்சா மரை கோணையா ஏறுதுன்னு அர்த்தம், வெளிய எடுத்து திரும்ப ஆரம்பிங்க.