ரம்ப இறக்கைத் தகைவிலான்களை எப்படி இனம் பிரிப்பது?

இந்தப் பறவைகள் அடங்கிய சாலிடோப்ராக்னே பேரினத்தில் 5 இனங்கள். எல்லாம் ஆப்பிரிக்காவில் மட்டுமே. முதிர்ந்த ஆணின் வெளி இறக்கைச் சிறகு விளிம்பு ரம்பம்போல் சொரசொரப்பாக இருக்கும். பெயருக்குக் காரணம் அதுதான், ஆனால் பறக்கும்போது அதைத் தேடிப் பயனில்லை. கையில் பிடித்தால்தான் தெரியும். வாலைப் பாருங்கள். சதுரவால் இனத்துக்குப் பிளவு கிடையாது. மேற்கு ஆப்பிரிக்க ஃபான்டி இனத்துக்கு நீண்ட, ஆழப் பிளந்த வால், பச்சைப் பளபளப்பு. கேமரூன் மலை, பியோகோ தீவுப் பக்கம் மங்கிய பழுப்பு நிறத்தில் தெரிந்தால் கேமரூன் இனம். வெண்தலை இனத்தில் ஆணுக்கே தலை பளிச்சென்று வெள்ளை. பெண்ணைக் கரும் இனம் என்று எண்ணிவிடுவது வழக்கமான பிழை. கரும் இனத்திலோ துணையினங்கள் ஏராளம், சிலவற்றுக்கு இறக்கையின் அடிப்பக்கம் வெண்மை. கூடு மண்கரையில் குடைந்த வளைக்குள். வெள்ளை முட்டைகள், பெரும்பாலும் 2.